அனேத்தோ செய்த சத்தியம்

ஆலாவின் கோயில் முன்னால், சத்தியத்துக்காகப் பூசாரி நீட்டிய கோலா கொட்டையை அனேத்தோ வாங்கிக் கடித்தான். "எல்லைச் செடியை நான் தொடலை. அந்தத் துண்டு நிலம் என் அப்பன் எனக்குப் பிரிச்சுக் கொடுத்தது. நான் சொல்றது பொய்னா, வருஷம் திரும்புறதுக்குள்ள நிலத்தாய் ஆலா என்னை எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மென்று விழுங்கினான். எதிரே அவனுடைய அண்ணன் ஒக்வூசா அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சத்தியம் கேட்டது அவன்தான். பல கூட்டம் போட்டும் வழக்கைத் தீர்க்க முடியாத பங்காளிகள், பாரம் இறங்கியவர்களாகத் துணியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். இனிமேல் அது மண்ணின் வழக்கு.

பெண்கள் நின்ற பக்கத்தில் அனேத்தோவின் மனைவி உதும்மாவும் நின்றிருந்தாள். அவன் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். முதல் மழை பெய்த மறுநாள் சுட்ட கிழங்கு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனபோது, எல்லைச் செடியைப் பிடுங்கி அண்ணன் பங்குக்குள் அவன் நட்டு மிதித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அங்கே நின்ற இரண்டு எண்ணெய்ப்பனைகளின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள்.

"பயமா இல்லையா உங்களுக்கு?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"நான் ஞாயித்துக்கிழமை மிஷன் சர்ச்சுக்குப் போறவன். அந்தக் கல்லும் கட்டையும் என்னை என்ன பண்ணும்? போய்ச் சாப்பாடு எடுத்து வை."

அவன் சாப்பிட்டான். அவளுக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

அதன்பின் சத்திய வருஷம் முடியும் வரை இரண்டு வீட்டுக்கும் நடுவே தண்ணீர், நெருப்பு எதுவும் புழங்கக்கூடாது என்றானது. பெரியப்பா வீட்டு வாசலை மிதித்தால் காலை ஒடிப்பேன் என்று பிள்ளைகளை உதும்மா மிரட்டி வைத்தாள். அவன் இருமினால் அவள் கையில் இருந்தது நழுவியது. அவன் பனையேறப் போனால், திரும்பி வரும் வரை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். சந்தையில் பெண்கள் "உன் புருஷன் நல்லா இருக்காரா?" என்று கேட்பார்கள். அந்த விசாரிப்பில் அக்கறை இல்லை. எப்போது சாவான் என்றுதான் கேட்டார்கள். சத்தியம் செய்த வருஷத்துக்குள் செத்தவனுக்குப் புதைகுழி கிடையாது. ஊர் ஒதுக்கிவைத்த கெட்ட காட்டில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வருவார்கள், யாரும் அழக்கூடாது. அவள் விறகு பொறுக்கப் போகும்போதுகூட அந்தக் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை.

கிழங்கு அறுவடைக்கு முன்னால் மண்வெட்டி அவன் பாதத்தில் பட்டது. சின்னக் காயம். "இதுக்குப் போய் அழுவாங்களா" என்று சிரித்தான். சில நாளில் கால் முழங்கால் வரை வீங்கி மினுமினுத்தது. மிஷன் மருந்தகத்தில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விடவில்லை. அப்போது அவன் சிரிப்பு நின்றது. கதவைச் சாத்தாதே என்றான். தனியாக விட்டுப் போகாதே என்றான். ஒரு மத்தியானம் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் வீட்டுப் பக்கம் யாராச்சும் நின்னு இங்க பார்க்கிறாங்களா?" என்று கேட்டான். அவன் கண்ணில் இருந்த திகிலை அவள் பார்த்தாள். இவனும் நம்புகிறான்.

மறுநாள் பிள்ளைகளை அவனோடு உட்காரவைத்துவிட்டு அவள் பக்கத்து ஊருக்குப் போனாள். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த ஓயிரிதியா, இந்த அண்ணன் தம்பிக்கு மூத்தவள். குலத்தில் பிறந்த பெண்களான உமுஅடாவுக்குத் தலைவி. அவர்கள் திரண்டு வந்தால் ஆண்களே வழிவிடுவார்கள். வாழவந்த பெண்களோ மூச்சுவிடக்கூட யோசிப்பார்கள்.

மூக்குப்பொடி இடித்துக்கொண்டிருந்த ஓயிரிதியா நிமிர்ந்து பார்த்தாள். "செத்துட்டானா?"

"இன்னும் இல்லை, அண்ணி."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

உதும்மா தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"பார்த்த அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? வாயில மரவள்ளிய அடைச்சு வச்சிருந்தியா?"

"சொன்னா என்னை எங்கப்பன் வீட்டுக்குத் துரத்திடுவாருன்னு பயந்தேன்."

"இப்ப மட்டும் துரத்த மாட்டானாக்கும்?"

"துரத்துறதுக்கு உயிரோட இருக்கட்டும், அண்ணி."

ஓயிரிதியா உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் உமுஅடா பாயும் தலைச்சுமையுமாக வந்து வளவை நிறைத்தார்கள். "அடுப்பைப் பத்தவைடி. தம்பி பொய் சொன்னதுக்கு நாங்க பட்டினி கிடக்கணுமா?" என்றாள் ஒருத்தி. காரியம் முடியாமல் ஒருத்தியும் கிளம்பமாட்டாள் என்று உதும்மாவுக்குத் தெரியும். அடுப்பைப் பற்றவைத்துக் கிழங்கை நறுக்கினாள்.

உள்ளே அனேத்தோவின் படுக்கையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் கண் மனைவியைத் தேடியது.

"அவளை ஏன் பார்க்கிற? என்னைப் பாரு" என்றாள் ஓயிரிதியா. "செடிய யாரு பிடுங்குனா?"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "நான்தான் அக்கா" என்றான், சின்னப் பிள்ளையின் குரலில்.

சத்தியத்தை அவிழ்க்க வழி உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்கியவன் மனம் இரங்கி, பூசாரியிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும். ஒக்வூசாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவன் வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். அக்கா நடந்ததைச் சொன்னாள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாட்டேன் என்று ஒரு சொல் போதும். தம்பியும் போவான், நிலமும் வந்து சேரும்.

"பொய்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றான் ஒக்வூசா. "பொய் சொல்றப்ப இவன் கட்டைவிரல உள்ள மடக்கிக்குவான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான். கோலாவ வாயில போட்டப்ப மடக்கியிருந்தான். நிறுத்துடான்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. கோவத்துல சொல்லலை." உள்ளே படுக்கையை எட்டிப் பார்த்தான். "அன்னிலேர்ந்து இந்த வீட்டுல அழுகைச் சத்தம் கேட்குதா, கேட்குதான்னு காதை வச்சுக்கிட்டே கிடக்கேன் அக்கா. நானும் தூங்கலை."

அவன் படி தாண்டி உள்ளே வந்தான். தம்பியைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு பூசாரி வீட்டுக்கு நடந்தான். ஆடும் சேவலும் கொடுத்தார்கள். எல்லைச் செடி பழைய இடத்துக்கு வந்தது. "மண்ணுகிட்ட சொல்லிட்டேன். என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது" என்றார் பூசாரி.

மிஷன் மருந்தகத்தில் மறுபடியும் ஊசி போட்டார்கள். காய்ச்சல் மெல்ல இறங்கியது. பாதத்தில் இரண்டு விரல்கள் போயின. உமுஅடா பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது ஓயிரிதியா, "இவளை நீ இந்த வளவை விட்டு அனுப்பினேன்னு கேள்விப்பட்டா மறுபடி வருவோம்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியபின் அனேத்தோ ஒரு சாயங்காலம் கேட்டான்: "செடி நட்டப்ப நீ பார்த்தே, இல்ல?"

"பார்த்தேன்."

"நீ திரும்பிப் போறதை நானும் பார்த்தேன். ஆலா கோயில் முன்னால நீ ஏதாச்சும் சொல்லுவேன்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் உன் பக்கம்தான் காது கொடுத்துக்கிட்டு நின்னேன்."

உதும்மா மூலையில் கிடந்த கம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சத்தியத்தை அவிழ்த்தாலும் மண் மன்னித்ததா என்று யாருக்கும் தெரியாது, வருஷம் முடிய இன்னும் நாள் இருந்தது. அதுவரை அவனை எங்கேயும் தனியாக அனுப்பாமல், கம்பூன்றி நொண்டி நடந்தவனின் பின்னாலேயே அவளும் நடந்தாள்.