கை அசைந்தால் சம்மதம்

எங்கள் சமாதானக் குழுவில் நான்கு பேர். எல்லோர் வயதையும் கூட்டினால் முந்நூற்று முப்பது வரும். எஃபி கால்பிரெய்த் எண்பத்தாறு; ஊரில் பாதிப் பேருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவள், மீதிப் பேரை உனக்கு வராது என்று திருப்பி அனுப்பியவள். டார்க்வில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். இஷ்பெல் மருத்துவச்சியாக இருந்தவள், என் மனைவி. நான் மர்டோ. முப்பத்தாறு வருடம் படகுத்துறையில் கயிறு பிடித்தவன். அந்தக் காலத்தில் பொய் சொல்லும் வழக்கம் இருந்தது, இப்போது விட்டுவிட்டேன்.

எங்கள் கடற்கழியின் எதிர்க்கரையில்தான் அணுகுண்டு ஏந்திய நீர்மூழ்கிக் கப்பல்கள் நிற்கின்றன. ஒரு கப்பல் போதும், ஒரு கண்டத்தையே காலி செய்ய. நாற்பது வருடமாக நாங்கள் அந்தத் தளத்தின் வாசலில் போய் உட்கார்ந்து கொள்கிறோம். முதலில் சாலையில் படுத்தோம். பிறகு படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று தெரிந்ததும் மடக்கு நாற்காலிக்கு மாறினோம். போன மே மாதம் நால்வரும் கையை இரும்புக் குழாய்களுக்குள் கோத்துச் சங்கிலி போட்டுக்கொண்டு லாரிகளை மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தோம்.

சார்ஜன்ட் லோர்ன் வந்து தொப்பியைக் கழற்றினான்.

"எஃபி டீச்சர், தயவு பண்ணி எழுந்திரிங்க."

"எழுந்திரிக்க முடிஞ்சா நான் ஏண்டா நாற்காலியைத் தூக்கிட்டு வரேன்? அது கெடக்கட்டும், இடது கை விரல் பழகுறியா இல்லையா?"

"வேலை ஜாஸ்தி டீச்சர்."

"வேலைன்னா இதுதானா? கிழவிங்களைத் தூக்குறது?"

அவனும் ஆட்களும் சங்கிலியை வெட்டி, எங்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கைது செய்யப்பட்டது எனக்கு இருபத்து நான்காவது தடவை. இஷ்பெலுக்கு முப்பத்தொன்று. அந்த வித்தியாசத்தை அவள் வீட்டில் அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

ஜூலையில் வழக்கு வந்தது. நீதிபதி லெனாக்ஸ் அம்மாவுக்கு எங்களைச் சிறைக்கு அனுப்பக் கொஞ்சமும் மனமில்லை. "ஒரு வருஷத்துக்கு அந்த வாசல் பக்கம் போக மாட்டோம்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போடுங்க, வீட்டுக்குப் போயிடலாம். இல்லேன்னா நாலு மாசம் சிறை. எனக்கு வேற வழியில்லை" என்றார். யோசிக்க அரை மணி நேரமும் கொடுத்தார். இப்படித்தான் கேட்பார் என்று மே மாதமே எங்களுக்குத் தெரியும்.

இங்கே என் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சிறை எனக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை கிடைத்ததெல்லாம் மூன்று நாள், ஒரு வாரம். ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவில் நூறு மைல். இஷ்பெலுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எண்பத்தொன்று. அந்த வயதில் நான்கு மாதம் என்பது நான்கு மாதம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவளோடு வீட்டுக்குப் போவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

குழுவில் எதையும் நால்வரும் ஒத்துத்தான் முடிவு செய்வோம். ஒருவர் 'தடை' என்று சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். அப்படி ஒரே ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. கூட்டம் பத்து நிமிட மௌனத்தில் தொடங்கும். பிறகு எஃபி கேள்வியைச் சொல்வாள். சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரல்களை அசைக்க வேண்டும். கைதட்டினால் சத்தம் வரும், சத்தம் சமாதானத்துக்கு ஆகாது என்று 1983-இல் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். நால்வரும் அசைத்து, எஃபி நோட்டில் எழுதிவிட்டால் முடிந்தது.

நீதிமன்றத்துக்குள் பெயின்ட் வாசனை தாங்கவில்லை என்று பின்பக்கப் புல்வெளிக்குப் போனோம். அதுதான் தவறு. ஜூலை, மேகமூட்டம், காற்று இல்லை. எங்கள் மேற்குக் கரையில் அந்த நேரத்தில் எள்ளில் பாதி அளவுள்ள கடிப்பூச்சிகள் கிளம்பும். போன கோடையில் அவை ஒரு தபால்காரரை நாற்பதடி தூரம் தூக்கிக்கொண்டு போனதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மிகைப்படுத்துகிறார்கள். முப்பதடிதான்.

டார்க்வில் வலைத்தொப்பி போட்டிருந்தான். இஷ்பெல் ஏதோ இலைத் தைலம் பூசியிருந்தாள். எஃபியைப் பூச்சி கடிக்காது. அவற்றுக்கும் பயம் உண்டு. நான் மட்டும்தான் திறந்த வீடாக உட்கார்ந்திருந்தேன்.

மௌனம் முடிந்தது. எஃபி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். போட்டும் அவளுக்கு ஆள் உருவம்தான் தெரியும்.

"கையெழுத்துப் போடாம நாலு பேரும் சிறைக்குப் போறது. சம்மதமா?"

சரியாக அந்த நொடியில் ஒரு பூச்சி மேகமே என் முகத்தில் இறங்கியது. நான் இரண்டு கைகளையும் தூக்கி விரட்டினேன். காதருகே விரட்டினேன், மூக்கருகே விரட்டினேன், எழுந்து நின்று தலைக்கு மேலே விரட்டினேன்.

"போதும் மர்டோ, ஒரு தடவை ஆட்டினா போதும்!" என்றாள் எஃபி, எழுதிக்கொண்டே. "நாப்பது வருஷத்துல உனக்கு இவ்வளவு உற்சாகம் வந்து நான் பார்த்ததில்லை."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு டஜன் பூச்சிகள் உள்ளே போயின. இருமினேன். இருமி முடித்தபோது என் கை இஷ்பெல் கைக்குள் இருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ தடை சொல்லிடுவியோன்னு ரெண்டு மாசமா பயந்துக்கிட்டே இருந்தேன்யா" என்றாள். "உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்."

 பூச்சிகளை விழுங்கிவிட்டு உள்ளே போனேன்.

எஃபி தீர்மானத்தை வாசித்தாள். "மர்டோ எழுந்து நின்று ஆமோதித்தார்" என்பதையும் சேர்த்தே வாசித்தாள். நீதிபதி அம்மா பெருமூச்சு விட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். டார்க்வில் ஆமாம் என்றான். இஷ்பெல் ஆமாம் என்றாள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

"நீங்க, மர்டோ?"

இஷ்பெல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பொய் சொல்ல முடியவில்லை. நான்கு மாதம் அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

"அது பூச்சி, அம்மா" என்றேன்.

"எது?"

"நான் ஆமோதிச்சது."

கோர்ட்டில் யாரோ தும்மினார்கள். எஃபி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பூச்சின்னு இதுல இல்லையே" என்றாள்.

அரசு வக்கீல் எழுந்தார். "மத்த மூணு பேருக்காவது தண்டனை கொடுத்திடலாம், அம்மா."

"அது எப்படி?" என்று எஃபி திரும்பினாள். "நாலு கையும் ஒரே சங்கிலியில இருந்துச்சு. நாலு பேருக்கும் முடிவு ஒண்ணுதான். இப்போ முடிவே இல்லை. நாங்க மறுபடி கூடணும்."

நீதிபதி அம்மாவின் முகத்தில் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

"ஒரு முடிவெடுக்க உங்களுக்கு அதிகபட்சம் எவ்வளவு நாள் ஆகியிருக்கு?"

"பேனர் கலருக்கு ரெண்டு வருஷம் நாலு மாசம்."

"என்ன கலர் முடிவாச்சு?"

"வெள்ளை."

"அதுக்கு முந்தி என்ன கலர் இருந்துச்சு?"

"வெள்ளைதான்."

நீதிபதி அம்மா பேனாவை எடுத்தார். குழு ஒருமனதாக முடிவெடுத்து எழுத்தில் தரும் வரை தண்டனை ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதினார். அவசரப்பட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். வக்கீல் ஏதோ சட்டப்பிரிவு சொன்னார். அது பெயின்ட் வாசனையோடு கலந்துவிட்டது.

பஸ்ஸில் பதினோரு மைல் இஷ்பெல் முன் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவது மைலில் திரும்பினாள்.

"எல்லார் முன்னாலயும் பூச்சி மேல பழியைப் போட்டியே. எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு?"

"உன்னை விட்டுட்டு இருக்க முடியாதுன்னு."

"வெக்கமா இருந்துச்சு."

"ஐம்பத்தொரு வருஷம் கழிச்சா?"

"ஆமா. இப்பவும்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமென்றுதான் நினைத்தேன், தோள் குலுங்கியதைப் பார்க்கும் வரை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் இஷ்பெல் விடுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் எங்கள் சமையலறையில் குழு கூடியது. குண்டைப் பற்றி, கப்பலைப் பற்றி, மனசாட்சியைப் பற்றி அவள் பேசினாள். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். நூறு மைல் என்ற இடம் வந்ததும் தடை என்றேன். எஃபி எழுதிக்கொண்டாள்.

ஆறாவது புதன்கிழமை இஷ்பெல் ஒரு வேலை செய்தாள். சிறைத்துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினாள். எங்கள் மர்டோவுக்கு நியாயமான ஒரே ஒரு மறுப்புதான் இருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்க ஓர் அறை இருக்கிறதா என்று கேட்டாள். தேநீர்க் கெண்டிக்கு இடம் இருந்தால் நல்லது என்று கீழே குறிப்பும் எழுதினாள்.

பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது. இப்போது அப்படி ஓர் அறை இல்லை. புதிதாக ஒரு சிறை கட்டத் திட்டம் இருக்கிறது. தங்கள் யோசனை வரைபடக் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது, சிலர் அதை வரவேற்றிருக்கிறார்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டேன்.

"ஆறு."

"எனக்கு எண்பத்தேழு ஆகும்."

"எனக்குத் தொண்ணூத்திரண்டு" என்றாள் எஃபி. "நான் காத்திருக்கேன்."

டார்க்வில் கை அசைத்தான். இஷ்பெல் அசைத்தாள். எஃபி அசைத்தாள். அறைக்குள் ஒரு பூச்சி இல்லை. என்னிடம் தடை சொல்லக் காரணமும் இல்லை. நானும் அசைத்தேன். கட்டியதும் போவது என்று தீர்மானம் ஆனது. நகல் நீதிபதி அம்மாவுக்குப் போனது. கிடைத்தது, மகிழ்ச்சி என்று அவர் பதில் போட்டார்.

மறுநாள் காலையில் என் தட்டில் வழக்கமாக வரும் பொரித்த பன்றி ரத்தத் தொத்திறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி இருந்தது, உப்பு மட்டும் போட்டு. வெண்ணெய் எங்கே என்று கேட்டேன்.

"வெண்ணெய் இனிமே கெடையாது" என்றாள் இஷ்பெல். "இன்னும் ஆறு வருஷம் உன்னை உசுரோட கொண்டுபோய்ச் சேர்க்கணுமே. குடி."

குடித்தேன்.