மூன்றாவது குழாயில் செத்த நொதி

கறிக்கடைக்காரர் என் தலை தெரிந்தாலே கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்கும் நெஞ்சுக்கறி மட்டும்தானாம்மா? வீட்ல அப்படி எத்தனை பேரு?" என்று கேட்பார். வீட்டில் நான், என் கணவர், மாமனார், அவ்வளவுதான். அந்தக் கறியில் ஒரு துண்டுகூட எங்கள் வயிற்றுக்குள் போனதில்லை. பனிக்கட்டி வாளியில் போட்டு நேராக ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அரைத்து, சாறெடுத்து, வடிகட்டி, அந்தச் சாற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவனைத் தேடுவதுதான் என் பிழைப்பு.

அவன் ஒரு நொதி. கோழியின் தசையில் கார்னோசின் என்று ஒரு சின்னப் பொருள் நிறைய இருக்கிறது. இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால் கார்னோசின். ஒட்டுகிற வேலையை ஏதோ ஒரு நொதி செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எந்தப் புரதம் என்றுதான் யாருக்கும் தெரியாது. அடுப்பில் சமையல் நடக்கிறது, வாசனை வருகிறது, சமையல்காரனை மட்டும் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த ஆய்வகத்தில் நான் மாணவியாகச் சேர்ந்து மருமகளாக மாட்டிக்கொண்டவள். ஆய்வகத் தலைவர்தான் என் மாமனார். காலையில் நான் கார் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். காரில் இருக்கும்வரை "மாமா", இறங்கிக் கதவைச் சாத்தியதும் "சார்". வாய் தவறாமல் இருக்க ஒரு வருடம் பழக வேண்டியிருந்தது. என்ன பழகி என்ன, "மாமனார் தயவில் உட்கார்ந்திருக்கிறாள்" என்ற பேச்சு என் காதுக்கு வராமல் போகவில்லை. அந்த நொதியைப் பிடித்து, என் பெயரில் ஒரு கட்டுரை வெளியானால் அந்த வாய்கள் மூடும். வருட முடிவுக்குள் அப்படி ஒன்று வராவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று நிர்வாகமும் சொல்லியிருந்தது.

மாமனாருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இதே நொதிதான். ஒட்டுகிற நொதிக்குச் சும்மா வேலை ஓடாது. சக்திக்காக ஒரு மூலக்கூறின் வாலை வெட்டியாக வேண்டும், அதன் முழுப் பெயரைச் சொன்னால் படிக்கிறவர் ஓடிவிடுவார். சுருக்கமாகவே சொல்கிறேன். அதன் வாலில் மூன்று துண்டுகள். ஒன்றை வெட்டினால் மிஞ்சுவது ஏ.டி.பி. இரண்டை வெட்டினால் மிஞ்சுவது ஏ.எம்.பி. நம் நொதி இரண்டை வெட்டுகிறது என்று மாமனார் இளவயதில் எழுதினார். பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து ஒரு திரவத்தில் அந்த நொதி இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் ஏ.எம்.பி.யைத்தான் அளந்தார்கள்.

அளந்தவர்கள் யாருக்கும் நொதி அகப்படவில்லை. பச்சைச் சாற்றில் இருக்கும். சாற்றைப் பிரிப்பதற்கு, பிசின் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களில் ஒன்றன்பின் ஒன்றாக விடுவோம். முதல் குழாயைத் தாண்டும், இரண்டாவதைத் தாண்டும். மூன்றாவதைத் தாண்டியதும் ஏ.எம்.பி. துளிக்கூட இருக்காது. "மூணாவது குழாய்ல செத்துடும். ரொம்ப மென்மையான நொதி" என்பார் மாமனார். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் குடும்ப சாபம் மாதிரி சொல்லிக்கொடுத்தோம்.

ஒரு நாள் ஏ.எம்.பி. அளக்கும் மருந்து தீர்ந்துவிட்டது. குளிர் அறையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, விறைத்த விரலோடு நின்றிருந்தேன். எனக்கு வந்த எரிச்சலில், சரி, கார்னோசினையே நேராக அளந்து தொலைப்போம் என்று இறங்கினேன். அது முதுகை ஒடிக்கிற வேலை. ஏ.எம்.பி. சுலபமாக இருக்க, யாரும் அதன் பக்கம் போனதில்லை. மூன்றாவது குழாயிலிருந்து வந்த திரவத்தில் கார்னோசின் மளமளவென்று உருவாகிக்கொண்டிருந்தது. செத்தவன் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான்!

யோசித்தால் வெட்கக்கேடு. தசைச் சாற்றில் இன்னொரு நொதி உண்டு, சரியான அதிகப்பிரசங்கி. ஏ.டி.பி. கண்ணில் பட்டால் போதும், அதில் பாதியை ஏ.எம்.பி.யாக மாற்றிவிடும். நம்முடையது வெட்டியது ஒரே ஒரு துண்டு. மிஞ்சிய ஏ.டி.பி.யை இந்த அதிகப்பிரசங்கி மாற்றிவைக்க, மாமனார் அந்த ஏ.எம்.பி.யை அளந்து பெயர் வாங்கிவிட்டார். மூன்றாவது குழாய் அதிகப்பிரசங்கியைப் பிரித்து வெளியே தள்ளியது. இத்தனை காலமாக நாங்கள் சாவு என்று எழுதிவைத்தது அதைத்தான். பிறகு புரதங்களைக் கோடு கோடாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, மங்கலாகத் தெரிந்த ஒரு கோட்டை வெட்டியெடுத்து, அது எந்தப் புரதம் என்று பார்த்தேன். பட்டியலில் அதற்கு ஒரு எண்தான் இருந்தது, என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாத புரதம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், ஏ.எம்.பி. இல்ல. ஏ.டி.பி.தான்" என்று அவர் அறையில் போய்ச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்களை நிதானமாகப் புரட்டினார். "வேற ஒரு பறவைல பாரு" என்றார்.

பார்த்தேன். "முயல்ல பாரு" என்றார். அதையும் பார்த்தேன். அந்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து நொதியைத் தனியாக உண்டாக்கிக் காட்டினேன். "இன்னும் ஒரு தடவை பண்ணிடேன்" என்றார். நான் எழுதிய கட்டுரை அவர் மேசைமேல் பேப்பர் வெயிட்டின் கீழ் கிடந்தது. தலைவரின் கையெழுத்து இல்லாமல் எங்கேயும் அனுப்ப முடியாது.

கணவரிடம் முறையிட்டேன். "அப்பாவுக்கு இருக்கிறது அந்த ஒரு பேருதான். அவர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோயேன்" என்றார்.

"அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துடுவாங்க."

"அப்படியெல்லாம் பேசாத" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் யார்!

ஆனாலும் மாமனார்மேல் எனக்கு இரக்கம்தான் இருந்தது. பாவம், அவரால் நம்ப முடியவில்லை, வாழ்நாள் முழுக்க நம்பியதை ஒரே நாளில் விட யாரால் முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டுதான் தினமும் கோழியை அரைத்தேன்.

வேலையை நீட்டிக்கப் போவதில்லை என்று நிர்வாகம் சொன்ன மறுவாரம் அந்தக் கட்டுரை வெளியானது. வேறு நாடு, வேறு ஆய்வகம், முன்பின் தெரியாத ஆட்கள். அதே கோழி, அதே புரதம், அதே ஏ.டி.பி. என் வீட்டுச் சாமானை வேறு யாரோ கடையில் விற்பதைப் பார்ப்பது போல இருந்தது.

வாராந்தரக் கூட்டத்தில் மாமனார் அதைத் திரையில் போட்டார். "என்னோட பழைய முடிவு தப்பு. இவங்க சொல்றதுதான் சரி" என்று குரல் நடுங்காமல் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று பக்கத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

மாலையில் அதே காரில் வீட்டுக்குத் திரும்பினோம். என்னால் அடக்க முடியவில்லை.

"மாமா, என் கட்டுரை இத்தனை மாசமா உங்க மேசைல கிடக்கு."

"தெரியும்மா." ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அவங்க கட்டுரையைப் போடலாமான்னு கேட்டு, பத்திரிகைல இருந்து ரிவ்யூவுக்கு எனக்குத்தான் அனுப்பினாங்க. ஒரு குறை சொல்லல. அன்னிக்கே சரின்னு எழுதி அனுப்பிட்டேன்."

"என்னிக்கு?"

"நீ முயல் பண்ணிட்டிருந்தப்ப."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ரிவ்யூவுக்கு வந்ததை வெளிய சொல்லக்கூடாதும்மா. அது நேர்மை இல்ல."

"என்னோடதை அனுப்பியிருக்கலாம்ல?"

"வெளியாள் என்னைத் தப்புன்னு சொன்னா அது அறிவியல். மருமக சொன்னா குடும்பச் சண்டை. மருமகளுக்குப் பேரு வரட்டும்னு கிழவன் விட்டுக்குடுத்துட்டான்னு ஊரே பேசும். உன் பேரும்தானே கெடும்?"

எனக்கும் சேர்த்தே யோசித்திருக்கிறார். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முதல்ல வந்து சொன்னேனே, அன்னிக்கு நீங்க நம்பலதானே?"

நம்பவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். சத்தியமாக மன்னித்திருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கேட்டேன்.

அவர் ஆச்சரியமாக என் பக்கம் திரும்பினார். "நம்பாம என்ன? தாளைப் பார்த்த உடனே புரிஞ்சுடுச்சு. உன் கை வேலைல தப்பே வராதும்மா. என்னைவிட நீ கெட்டிக்காரி."

இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பின்னால் வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன.

"பச்சை விழுந்துடுச்சும்மா, வண்டியை எடு" என்றார்.