நாற்பது விளம்பரம், ஒரே நாற்காலி

என் கணவருக்கு வேலை போன அன்று வீட்டில் ஒருவர் மட்டும் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். என் மாமனார்.

"லீவாடா பயலே?" என்றார், பட்டப்பகலில் மகனைப் பார்த்த பூரிப்பில்.

"ஆமாப்பா. பெரிய லீவு."

மாமா லாரி ஓட்டி ஓய்ந்தவர். சில வருடங்களாக அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. நான் யார் என்பது எப்போதோ போய்விட்டது. என்னை நர்ஸம்மா என்பார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள்தானே, பாதி சரி என்று விட்டுவிட்டேன். அவருக்கு மிஞ்சியிருந்தது மகன் முகம் ஒன்றுதான். குளியல், மாத்திரை, சவரம் எல்லாம் அந்த முகம் சொன்னால் நடக்கும். நான் சவரக்கத்தியை எடுத்தால் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

இவர் இத்தனை வருடமும் புரோகிராம் எழுதியது ரூபி என்ற மொழியில். எங்கள் ஊரில் அந்த மொழியை வைத்திருந்தது இவருடைய கம்பெனி மட்டுமே. கம்பெனியை மூடியதும் ஊரில் ரூபியும் மூடிக்கொண்டது.

காலையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, ஊர்ப் பெயரைப் போட்டு, ஒவ்வொரு மொழியாகத் தேடுவார். நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்பேன்.

"ஜாவா நாற்பது. பைத்தான் பத்து, பதினொண்ணு. பி.எச்.பி. கொஞ்சம்."

"ரூபி?"

"ஒண்ணு."

"ஒண்ணாவது இருக்கே! போடுங்க அப்ளிகேஷனை."

"நகைக்கடைம்மா. ரூபி மோதிரம் விக்க ஆள் வேணுமாம்."

அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமாவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

ரூபிக்கு மவுசு இருந்தது ஒரு ராத்திரி ரயில் தள்ளியிருந்த பெருநகரத்தில். அங்கே ஒரு கம்பெனி விடாமல் கூப்பிட்டது. நேரில் வந்தே வேலை பார்க்க வேண்டும் என்றார்கள். என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போமே என்று இவர் போய் வந்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து கதவைத் தட்டினால், மாமா கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லைங்க, அப்புறம் வாங்க" என்கிறார். சாயங்காலம் இவர் சோப்பு நுரையை அவர் கன்னத்தில் தடவியபோதுதான், "எப்படா வந்த?" என்று கேட்டார்.

டாக்டரிடம் ஓடினோம். "தினமும் பாக்குற முகம்தான் தங்கும். அப்பாவை அங்க கூட்டிட்டுப் போனா இன்னும் மோசமாகும். பாத்ரூம் எங்கன்னே தெரியாமப் போயிடும்" என்றார்.

ஆகவே ஜாவா.

இவருக்கு அது பிடிக்கவே இல்லை. "ரூபில ஒரு வரி சொன்னா வேலை முடிஞ்சிரும். இதுல வணக்கம் சொல்றதுக்கே நாலு ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும்" என்று முணுமுணுப்பார். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடக் கூடாது" என்பார். "ஊரோட ஒத்து வாழுங்க" என்பேன் நான். திட்டிக்கொண்டேதான் படித்தார். ஆனால் படித்தார். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல இருப்பார். நான் உள்ளே வந்தால் வாயில் விரல் வைத்து, "பயல் படிக்கிறான்" என்பார். அவ்வளவு பெரிய நிம்மதி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஜாவா கைக்கு வந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. கம்பெனிகள் இல்லை, ஆள் பிடித்துத் தரும் ஏஜென்டுகள். ஒரு பெண், தேன் குரல். இன்னொருவன் வார்த்தைக்கு வார்த்தை பிரதர். மூன்றாமவர் எப்போதும் கார் ஓட்டிக்கொண்டே பேசுவார். வேலையின் பெயரை ஒருவர் ஜாவா புரோகிராமர் என்றார், இன்னொருவர் பின்தள என்ஜினியர், மூன்றாமவர் பணப் பரிமாற்ற நிபுணர். எந்தக் கம்பெனி என்று கேட்டால் மூவரிடமும் ஒரே பதில்: "பேர் இப்ப சொல்ல முடியாது, பெரிய இடம்." மூவரிடமும் இவர் சந்தோஷமாக, சரி, என் பெயரை அனுப்புங்கள் என்றார். மூன்று இடத்தில் வலை போட்டால் ஒன்றிலாவது மீன் விழாதா? யாராயிருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்!

தேன் குரல் வழியாக முதல் நேர்காணல் வந்தது. கண்ணாடிக் கட்டடம், ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவு. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"அந்த மேடம் எழுந்து நின்னு கை குடுத்தாங்கம்மா. திங்கக்கிழமை லெட்டர் வந்துரும்னாங்க."

"மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரலாமா?"

"வரலாம். அப்பாவுக்கு மாத்திரை குடுத்துட்டே போகலாம்."

திங்கட்கிழமை லெட்டர் வரவில்லை. தேன் குரல்தான் போன் ஸ்பீக்கரில் வந்தது, தேன் இல்லாமல்.

"சார், வேற ஏஜென்ட் மூலமாவும் பேர் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். வேற வேற வேலைக்கு."

"வேற வேலை எங்க சார் இருக்கு? இந்த ஊர்ல ஜாவாவுக்கு இப்போதைக்கு இந்த பேங்க் மட்டும்தான். ஒரே சீட்டு. அதையே நாங்க எல்லாரும் வேற வேற தலைப்புல போடுறோம். கம்பெனி பேரைச் சொன்னா நீங்க நேராப் போயிடுவீங்கல்ல? உங்க பேர் மூணு பேர் வழியா உள்ள போயிருக்கு. கமிஷன் யாருக்குன்னு சண்டை வரும்னு, ஒரே பேர் ரெண்டு தடவை வந்தாலே பேங்க்ல அந்த ஆளையே நீக்கிடுவாங்க."

நாற்பது விளம்பரமும் ஒரே நாற்காலி! நான் போனைப் பிடுங்கினேன்.

"நீங்க மறைச்சதுக்கு அவரை எதுக்கு நீக்கணும்?"

"ரூல் மேடம்."

"அந்த ரூலைக் கொண்டுபோய்..." மீதியை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

வங்கி மேடத்தையே கூப்பிட்டுப் பார்த்தார். நல்ல மனுஷி. "எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. சிஸ்டம் உங்க பேரையே எடுக்க மாட்டேங்குது. அடுத்த வருஷம் பாருங்க" என்றாராம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பாழாய்ப்போன ஜாவாவைத் திட்டினேன், விளம்பரம் போட்டவர்களைத் திட்டினேன், கடவுளையும் விடவில்லை. மாமா மட்டும், "என்னாச்சு, பயல் பெயிலா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

என் ஒரு சம்பளத்தில் அடுத்த வருஷம்வரை ஓட்ட முடியாது. பெருநகரத்து ரூபி கம்பெனி இன்னும் காத்திருந்தது.

கிளம்புகிற அன்று இவர் மாமாவுக்குச் சவரம் செய்துவிட்டார். வழக்கத்தைவிட நிதானமாக, தாடைக்கடியில் ஒரு முடி விடாமல்.

"எங்கடா கிளம்புற?"

"வேலைக்குப்பா."

"லாரியா?"

"ம்."

"லாரி வேணாம்டா. நான் ஊர் ஊராப் போய்ப் போய்தான் நீ வளர்ந்ததையே பாக்கலை."

மாமா முகத்தைத் துடைத்துவிட்ட துண்டாலேயே இவர் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

போனதிலிருந்து தினமும் வீடியோவில் வருவார். முதலில் மாமா திரையைத் தடவி, "ஏன்டா இவ்ளோ சின்னதாயிட்ட?" என்றார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு போனைக் காட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாடி வளர்ந்தது. கம்பெனியில் புது ஆளுக்கு உடனே லீவு கிடையாது. நான், இதோ உங்க பையன், இதோ உங்க பையன் என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன்.

நேற்று சாயங்காலம் இவர் ஆபீசிலிருந்தே கூப்பிட்டார். மாமா திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் மெல்லச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வணக்கம் சார்" என்றார்.

இவர் திரைக்கு இன்னும் கிட்டே வந்தார். மாமா தொடர்ந்தார்.

"சார் பெரிய கம்பெனில இருக்கீங்க போல. பின்னாடி கண்ணாடியெல்லாம் தெரியுது. எனக்கு ஒரு பையன் இருக்கான் சார். கம்ப்யூட்டர்ல எழுதுவான். பாவம், ராப்பகலாப் படிச்சான், வேலை அமையலை. இந்த ஊர்லயே எதாவது பாத்துக் குடுங்க சார். வெளியூர் வேணாம்."

திரையில் இவர் உதடு அசைந்தது.

"என்ன மொழியில எழுதுவாரு ஐயா?"

"எது குடுத்தாலும் எழுதுவான் சார். கெட்டிக்காரன்."

"சரிங்கய்யா. பாக்குறேன்."

"மறந்துடாதீங்க சார்" என்று மாமா போனைப் பார்த்துக் கைகூப்பினார். "பயல் இப்ப வந்துருவான். வந்ததும் உங்களுக்குப் போன் பண்ணச் சொல்றேன்."