ஆதரவு ஐந்து, எதிர்ப்பு பூஜ்யம்

பழைய சர்க்கரை ஆலையை இடித்துவிட்டு வீடு கட்ட எங்கள் முதலாளி கிரெய்டன் இடம் வாங்கியபோது, அங்கே எலியைத் தவிர வேறு குடித்தனம் இல்லை. சாலையும் சாக்கடையும் போடக் கடன் வாங்க வேண்டும். அதற்கு வரி விதிக்கும் அதிகாரமுள்ள தனி வட்டாரம் அமைக்க வேண்டும், வட்டாரத்தில் நிலம் உள்ளவர்கள் ஓட்டுப் போட வேண்டும். கொலராடோவில் இதற்கா வழியில்லை? அலுவலகத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பத்து டாலரில் ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு கார்கூட நிற்காது.

"சும்மா ஒரு டிக் போடு டெல்ஃபினா. எல்லாம் காகிதச் சடங்குதான்," என்று ஓட்டுச் சீட்டை நீட்டினார்.

பரிட்டோ ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டே போட்டேன். நான்கு கோடி டாலர் கடன். அது அடையும்வரை அங்கே முளைக்கப்போகும் ஒவ்வொரு வீட்டின் மேலும் வரி. ஆதரவு ஐந்து, எதிர்ப்பு பூஜ்யம். படித்துக்கூடப் பார்க்காத கழுதை நான்.

ஒன்பது வருடம் கழித்து என் தம்பி ரமீரோ அங்கேயே வீடு வாங்கினான். பிறகு கூரை வேலையில் விழுந்து முதுகு போயிற்று. அந்த வருடம் வரி, பாங்குத் தவணையில் பாதி அளவுக்கு ஏறியிருந்தது. வட்டாரக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனான்.

"நானூறு வீட்டுக்காரங்க இருக்கோம். இப்பவே ஓட்டுப் போட்டு வரிய எடுத்துடறோம்," என்றான்.

"முடியாதுங்க," என்றார் வட்டாரத்தின் வக்கீல். "கடன் பத்திரம் வாங்குனவங்களுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. கடன் தீர்ற வரைக்கும் வரி உண்டு."

"எந்த மகராசன் ஓட்டுப் போட்டான்? பேரச் சொல்லுய்யா!"

அவர் வாசித்தார். மூன்றாவது பெயர் டெல்ஃபினா ஆர்ச்சுலெட்டா.

ரமீரோ கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். காரில் ஏறியபிறகுதான் கேட்டான்.

"வீடு பாக்க நீயும்தானேக்கா கூட வந்த?"

"அந்த ஓட்டு ஞாபகத்துலயே இல்லடா."

சத்தியமான உண்மை. சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, வித்துடறேன். வாங்க வர்றவங்ககிட்ட வரியப் பத்தி வாயத் தொறக்காத. அது ஒண்ணாச்சும் எனக்காகப் பண்ணு."

ஞாயிற்றுக்கிழமை ஓர் இளம் ஜோடி வந்தது. அவளுக்கு நிறைமாதம். சின்ன அறையில் தொட்டிலை எங்கே போடுவது என்று கையால் அளந்து பார்த்துவிட்டு, என்னிடம் திரும்பினாள்.

"வரியெல்லாம் எப்படிங்க? எங்களால தாங்க முடியுமா?"

ரமீரோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லா ஊர்லயும் இருக்கறதுதாம்மா," என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.