வரைந்தவர் பெயர்

விடிகாலைப் பாங்கு ஒலித்தபோது நசீமின் வலது மணிக்கட்டு, பிடித்திருந்த மவுஸைவிடப் பருத்திருந்தது. கண்ணில் மிளகாய்ப்பொடி, முதுகில் நாற்காலிக் கம்பி. கொல்லங்கோட்டு மெயின் ரோட்டு மாடியில், ஆர்க்கிடெக்ட் ஆனந்தகுமாரின் ஆபீஸில், ராத்திரி வேலைக்குக் கூலி பொரோட்டா. அவசர வேலையென்றால் முட்டைக்கறியும் உண்டு. நசீமின் மாதச் சம்பளத்தைக் கேட்டால், கோவிந்தாபுரத்தில் அவன் வாப்பாவின் கடையில் மூட்டை தூக்குகிறவர் மனமிரங்கி டீ வாங்கிக் கொடுப்பார்.

சித்திரபுரம் மலைச்சரிவில் ஒரு ரிசார்ட். வாசல் வலப்பக்கம் வேண்டாம், இடப்பக்கம் வேண்டும் என்று முந்தின மாலைதான் அதன் உரிமையாளர் போன் செய்திருந்தார். காலைக்குள் வரைபடத் தாள் போக வேண்டும். நசீம் கட்டடத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடம்வலமாகப் புரட்டினான். தூக்கக் கலக்கத்தில் தாங்குசுவரும் கூடவே புரண்டுபோனது. மலைமண்ணைத் தாங்க வேண்டிய சுவர் பள்ளத்தின் பக்கம் போய்க் காற்று வாங்கியது. அந்த மலையை அவன் கண்ணால் கண்டதில்லை. அனுப்பிவைக்கப் பஸ் கூலி கட்டுப்படியாகாதாம். ஆனந்தகுமார் பாராமலே கையெழுத்திட்டார். தாளில் கண்டபடியே மலையை வெட்டினார்கள்.

அடுத்த மழைக்கு மண் சரிந்தது. சகாயம் என்ற தொழிலாளியின் கால் அடியில் சிக்கி நசுங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி கத்தரீனாள் ஆபீஸுக்குப் போன் போட்டாள்.

"எந்த மகராசன்யா இத வரைஞ்சது?"

"நாந்தான்கா."

வைவாள் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சு தம்பி?"

அவன் விரல்விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை.

"எங்களுக்குச் சங்கம் இருக்கு. வார்டு வாசல்லயே ஆளு நிக்குது. ஒனக்கு யாரு இருக்கா?"

மறுநாள் பால்வண்டி போகும் நேரத்துக்கே ஆனந்தகுமார் வந்துவிட்டார். ராத்திரி வேலையில் இருந்த ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள்.

"நசீமே, அந்தத் தாள்ல 'வரைந்தவர்' கட்டத்துல உன்ற பேரப் போட்டு இன்னொருக்கா பிரிண்ட் எடு கண்ணு. பழைய தேதியே இருக்கட்டும்."

அதுநாள்வரை அந்தக் கட்டத்தில் அவர் பெயர்தான் இருந்தது.

"போலீஸ் என்னையல்லோ சார் புடிக்கும்?"

"வக்கீல் நான் வெக்கிறேன். நாமெல்லாம் ஒரே குடும்பமல்லோ."

"ஏனுங்க சார்," என்றாள் பக்கத்து மேஜைத் தமிழ்ப்ரியா, "பரிசு வாங்குன போட்டோல இந்தக் குடும்பத்தக் காணோமுங்களே?"

"அது வேற, இது வேற."

"ஓவர்டைம் கேட்டப்ப, நீங்கெல்லாம் தொழிலாளியா, கலைஞரல்லோன்னீங்க. கலைஞருக்கு ஜெயிலுங்களா?"

"அவன் பேரு வரலீன்னா ஒருத்தருக்கும் அனுபவச் சான்றிதழ் கெடையாது. வேற எந்த ஆபீஸ்லயும் உள்ள விடமாட்டாங்க, பாத்துக்கங்க!"

நசீம் உட்கார்ந்தான். தப்பு தன்னுடையதுதானே? தன் பெயரை அடித்தான். தூக்கக் கலக்கத்தில் எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்தது.

தமிழ்ப்ரியா அந்த எழுத்தை அழித்தாள். கீழே தன் பெயரை அடித்தாள். "அன்னிக்கு நானுந்தான் இங்க முழிச்சிருந்தேன்." அஷ்ரஃப் வந்தான். அன்சிலா வந்தாள். எப்போதும் முதலாளி பக்கமே தலையாட்டும் யாக்கோபு, தலையைக் குனிந்தபடியே வந்து தன் பெயரை அடித்தான். கட்டம் நிரம்பி வழிந்தது. தமிழ்ப்ரியா தேதியை அன்றைய தேதியாக்கி, குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்த்தாள்: 'விடிய விடியத் தூங்காமல் வரைந்தது. சரிபார்த்துக் கையெழுத்திட்டவர்: ஆனந்தகுமார்.'

வரைபடம் அச்சிடும் பிளாட்டர் முனகிக்கொண்டே தாளைத் தள்ளியது.

"எல்லாரும் வெளிய போங்கடா!"

போனார்கள். படியில் அன்சிலா அழுதாள். அஷ்ரஃபுக்கு வீட்டு வாடகை நினைவு வந்தது. தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிய நசீமுக்கு வாப்பாவின் முகம் நினைவு வந்தது.

"சங்கம் பதியோணும்னா ஏழு பேராச்சும் வேணுமாமா," என்றாள் தமிழ்ப்ரியா, செல்போனைப் பார்த்தபடி.

"நாம அஞ்சு பேர்தானே?" என்றான் அஷ்ரஃப்.

எதிர்மாடியில் இன்னொரு ஆர்க்கிடெக்டின் ஆபீஸ். விடிந்து ஊரே விளக்கணைத்துவிட்ட அந்த வேளையிலும் அங்கே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் யாரோ வாய் பிளந்து கொட்டாவி விட்டார்கள்.

ஐந்து பேரும் சாலையைக் கடந்தார்கள். கதவைத் தட்டியது நசீம்.