மாதேஸ்வரன் தூங்குவதற்கு ஓர் அறை

லாரிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவன் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சாலை நெடுக ஓட்டல் இருக்கிறது. தூக்கத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும், அதை எந்த ஓட்டலிலும் விற்பதில்லை. சோபனாவுக்கு இது சித்திரை மாதத்தில் ஒரு காலையில் உறைத்தது.

அவள் புருஷன் மாதேஸ்வரன் பெங்களூரில் ஏற்றிய லோடைச் சேலத்தில் இறக்கிவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்பினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“தொப்பூர் எறக்கத்துல கண்ணு தொறந்துதான் இருந்துச்சு சோபனா. ஆனா நான் அங்க இல்ல. செவுத்துல ஒரசின சத்தத்துலதான் நெனப்பு வந்துச்சு.”

அவள் வெளியே போய் லாரியைப் பார்த்தாள். இடது பக்கம் ஆள் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து தகரம் பல்லிளித்தது. அந்த மலையிறக்கத்தில் உரசியதோடு தப்பியவர்கள் எத்தனை பேர், தப்பாதவர்கள் எத்தனை பேர் என்பது நல்லம்பள்ளிப் பக்கத்துச் சனங்களுக்குத் தெரியும். இந்த மனுஷனைத் தூங்க வைக்காவிட்டால் ஒருநாள் வீட்டுக்கு வெறும் போன்தான் வரும் என்று அவளுக்குத் தோன்றியது.

பகலில் அவன் தூங்கினால்தானே? ஹைவே வீட்டுக்குப் பின்னாலேயே போனது. ஹாரன் சத்தம் படுக்கையில் வந்து உட்காரும். சத்தம் போதாதென்று, படுக்கிற அறை என்று சொல்லிக்கொண்ட அந்த இடத்தில் படுப்பதைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது. மூலையில் நாலு மூட்டை சோளம், இரண்டு மூட்டை துவரை. கதவுக்குப் பின்னால் மருந்தடிக்கிற டேங்க். சுருட்டிய சொட்டுநீர்க் குழாய். சிலாப்பில் ஓடாத மிக்சி இரண்டு, கல்யாணத்தில் வந்த குத்துவிளக்குப் பெட்டிகள், எட்டு வருஷத்துக் காலண்டர்கள், கிழிந்த தார்ப்பாய். நடுவில் ஒரு கட்டில், அதிலும் பாதி இடம் துவைத்த துணிக்கு. மாமியார் தீர்த்தம்மாள் மணிக்கு மூன்று தடவை வந்து எதையாவது எடுப்பாள், எதையாவது வைப்பாள். அவள் கெட்டவள் இல்லை. உழைத்த உடம்பு, எதையும் தூக்கி எறிய மனசு வராது. ஆனால் அவள் டப்பா உருட்டும் சத்தத்தில் செத்த பிணமும் எழுந்து உட்காரும்.

சோபனா போனில் வீடியோக்களாகப் பார்த்தாள். படுக்கையறையில் கண்ணை உறுத்தும் சாமான் இருக்கக் கூடாது. வெளிச்சம் கூடாது. சத்தம் கூடாது. சுவர் வெளிர்நிறமாக இருக்க வேண்டும். கட்டில் உயரமாக, அடியில் பெட்டியோடு இருந்தால் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிடலாம். மொரப்பூரில் படித்து வளர்ந்த பெண். ஒன்றைப் பிடித்தால் குரங்குப்பிடிதான்.

“மூட்டைய எங்க வெக்கிறது? உன் தலையிலயா?” என்றாள் தீர்த்தம்மாள்.

“மாட்டுக் கொட்டாயில வெக்கலாம் அத்த.”

“எலி திங்கும்.”

“எலி தின்னாப் பரவால்லங்க. உங்க மவன ரோடு தின்னக்கூடாது.”

தீர்த்தம்மாள் ஒரு மூட்டையைப் பிடித்து வெளியே இழுக்கத் தொடங்கினாள். லாரியின் இடது பக்கத்தை அவளும்தான் பார்த்திருந்தாள்.

ஒரு மாதம் வேலை நடந்தது. வேண்டியது, கொடுத்துவிட வேண்டியது, கொளுத்த வேண்டியது என்று மூன்று குவியல் போட்டாள் சோபனா. மூன்றாவது குவியலிலிருந்து மாமியார் திருட்டுத்தனமாக இரண்டாவதுக்கு மாற்றியதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள். சுவருக்கு வெளிர்நீலம் அடித்தாள். ஹைவே பக்கத்து ஜன்னலுக்குத் தெர்மாகோல் வைத்து, மேலே பிளைவுட் அடித்து, ஓரங்களைப் பேஸ்ட் போட்டு அடைத்தாள். கதவின் அடியில் ரப்பர் பட்டை. தம்பி கொடுத்த பழைய ஏசி. உள்ளே ஒரு தாழ்ப்பாள், மாமியார் டப்பா தேடி வராமலிருக்க. புதுப் பெட்டிக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டபோது அறையில் மெத்தையும் நீலச் சுவரும் தவிர ஒன்றுமில்லை. கதவைச் சாத்தினால் அறைக்குள் காது அடைத்தது.

மாதேஸ்வரன் முதல்நாள் ஆறு மணி நேரம் தூங்கினான். மறுவாரம் எட்டு மணி நேரம். எழுந்து வந்தால் முகத்தில் களை. ஊருக்கெல்லாம் சொன்னான். தீர்த்தம்மாளே மாறிவிட்டாள். மகன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் கோழியைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை. தபால்காரர் மணியடித்தாலும் அடிக்குரலில் அதட்டினாள்.

“மெதுவாப் பேசுங்க, எம் மவன் தூங்கறான்!”

மாமியாரும் மருமகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டால் அந்த வீட்டுக்கு நல்ல காலம் என்பார்கள். நல்லது நினைத்தவர்களுக்கு நல்லதுதான் நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆடி பிறந்தது. காற்றோடு வந்த மழை மாட்டுக் கொட்டாய்க் கூரையைத் தூக்கிப் பார்த்தது. மூட்டைகளின் ஓரம் நனைந்தது, எலி இரண்டு மூட்டையைக் கிழித்திருந்தது. தீர்த்தம்மாள் சிந்திய துவரையைக் கூட்டி அள்ளியபோது ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. அந்த மௌனம்தான் சோபனாவைச் சுட்டது. சண்டை போட்டிருந்தால் அவளும் பதிலுக்குச் சண்டை போட்டு மூட்டையைக் கொட்டாயிலேயே விட்டிருப்பாள்.

“அத்த, கட்டிலுக்கு அடியில பொட்டி காலியாத்தான் கெடக்குது. அதுல வெச்சிக்கலாங்க. வெளிய தெரியாது.”

தீர்த்தம்மாளின் முகம் மலர்ந்தது. “வண்டு வுழுந்திருக்குது புள்ள. மாத்தர போட்டுத்தான் கட்டோணும். வருசாவருசம் அந்த ரூம்புலதான வெச்சோம்.”

வைத்தது உண்மை. பழைய அறையில் மூட்டைக்கு ஒரு மாத்திரை போட்டு, ஜன்னல் கதவே சேராத அந்த அறையில், ஒன்றும் ஆகாமல் பத்து வருஷம் ஓடியிருந்தது. மாத்திரை என்றால் சந்தையில் சின்ன அலுமினிய டப்பாவில் விற்பது. சாம்பல் நிறம், காசு அகலம். சோபனா அதை முன்பின் பார்த்ததில்லை. அவள் அப்பா ரயில்வேயில் இருந்தவர், அவர்கள் வீட்டில் அரிசி கடையிலிருந்து வரும், வண்டு விழுமுன் தீர்ந்துவிடும்.

“எலியும் சாவட்டும்” என்று தீர்த்தம்மாள் மூட்டைக்கு மூன்றாகத் துணியில் முடிந்து கொடுத்தாள். சோபனாதான் ஒவ்வொன்றாக உள்ளே திணித்தாள். இரண்டு பேருமாக ஆறு மூட்டையையும் இழுத்துப் பெட்டியில் இறக்கி, பலகையைப் போட்டு, மெத்தையை விரித்து, துவைத்த விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்கள். அறை மறுபடியும் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அன்றிரவு மாதேஸ்வரன் லோடோடு போயிருந்தான். விரிப்பு கசங்கக்கூடாது என்று சோபனா வழக்கம்போல் கூடத்தில்தான் படுத்தாள்.

காலையில் கதவைத் திறந்ததும் பூண்டு வாசம் அடித்தது. பூண்டும் அழுகின மீனும் கலந்த மாதிரி. எலி ஏதோ செத்திருக்கிறது, மாத்திரை வேலை செய்கிறது என்று அவளுக்குத் திருப்தியாகவே இருந்தது. சுவரோரம் தினமும் ஊரும் எறும்புச் சாரை கோடு கிழித்தாற்போல் அப்படியே கிடந்தது, ஒன்றும் நகரவில்லை. ஏசிக்குக் கீழே ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது. அதைத் துடைப்பத்தால் கூட்டி வெளியே எறிந்தாள். பூச்சிபொட்டு இல்லாத அறை! வாசனைக்கு ஸ்பிரே அடித்தாள். குனிந்து எழுந்தபோது தலை லேசாகச் சுற்றியது. காலையில் டீ குடிக்கவில்லை என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

எட்டரைக்கு மாதேஸ்வரன் வந்தான். இரண்டு ராத்திரி தொடர்ந்து ஓட்டியிருந்தான்.

“என்னா பூண்டு நாத்தம்?”

“எலி செத்திருக்குதுங்க. சாயங்காலம் பாக்கறேன். நீங்க படுங்க.”

“எழுப்பிடாத. எந்த போன் வந்தாலும் எழுப்பாத.”

“யாரும் எழுப்ப மாட்டாங்க” என்று அவன் போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஏசி உறுமத் தொடங்கியது.

பதினோரு மணிக்கு அவள் நல்லம்பள்ளிக்குக் கிளம்பினாள். கதவுக்குத் தைக்கக் கொடுத்த கறுப்புத் திரையை வாங்க வேண்டும். கிளம்பும்போது தீர்த்தம்மாள் அடிக்குரலில் சொன்னாள்: “கொள்ளுக்கும் மாத்தர வேணும். டப்பா தீந்துபோச்சு. உரக்கடையில கெடைக்குமான்னு கேளு.”

சோபனா கதவில் காது வைத்துப் பார்த்தாள். குறட்டை இல்லை. அயர்ந்து தூங்குகிறான் என்று நிம்மதியாக ஸ்கூட்டியை எடுத்தாள். பாவி, அந்த நிம்மதியோடு நாலு கிலோமீட்டர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

உரக்கடைக் குப்புராஜ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அதச் சும்மா குடுக்கறதில்லம்மா. எதுக்கு?”

“மூட்டைக்குத்தாங்க. சோளத்துக்குப் போட்டாச்சு, கொள்ளுக்கு வேணும்.”

“குடோனா?”

“இல்லங்க, வூட்டுலதான். கட்டிலுக்கு அடியில பொட்டியில வெச்சிருக்கறோம்.”

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “எத்தன போட்டீங்க?”

“மூட்டைக்கு மூணு. ஆறு மூட்டை.”

“மூட்டை நனஞ்சிருந்ததா?”

“ஓரம் மட்டும்...”

“அந்த ரூம்புல யாரும்மா படுக்கறாங்க?”

“எங்க வூட்டுக்காரருங்க. இப்பக்கூட அங்கதான் தூங்கறாரு.”

 அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். “அது மாத்தர இல்லம்மா, வெஷக்காத்து. ஈரம் பட்டா இன்னும் வேகமாக் கெளம்பும். அதுக்கு முறிவு கெடையாது. கதவத் தொறக்கச் சொல்லு. மொதல்ல ஆள வெளிய இழுக்கச் சொல்லு!”

மாதேஸ்வரனைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அவள் கைப்பைக்குள்ளேயே மணியடித்தது. தீர்த்தம்மாளிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டு டெம்போக்காரர் சென்றாயனைக் கூப்பிட்டாள். அவர் எடுத்தார்.

“அண்ணா, எங்க வூட்டுக் கதவ ஒடைங்க. அவரு உள்ள இருக்கறாரு. ஒடைங்கண்ணா!”

அவள் எப்படி வண்டி ஓட்டினாள் என்று பிறகு கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். உடைந்த கதவும், வெளியே கிடத்திய புருஷனும் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்தாள். கதவு சாத்தியே இருந்தது. அதன் முன்னால் இரண்டு கையையும் அகல விரித்து தீர்த்தம்மாள் நின்றாள். எதிரே கடப்பாரையோடு சென்றாயன்.

“பாரு சோபனா, இந்த ஆளு வந்து கதவ ஒடைக்கணுங்கறான். எம் மவன் தூங்கறான், ஓரெட்டு எடுத்து வெக்காதன்னு சொல்லிட்டேன். பத்து நிமிசமா வுடலயே நானு!”

சோபனா மாமியாரைத் தோளைப் பிடித்துத் தள்ளினாள். வாழ்நாளில் அவளைத் தொட்டுத் தள்ளியது அது ஒன்றுதான். சென்றாயன் நாலு இடி இடித்ததும் தாழ்ப்பாள் பிய்ந்தது. உள்ளேயிருந்து வந்த குளிர்ந்த நாற்றம் மூவரையும் பின்னுக்குத் தள்ளியது. சென்றாயன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நுழைந்து காலைப் பிடித்து இழுத்து வந்தார்.

மாதேஸ்வரன் கட்டிலில் இல்லை. கதவுக்கு இரண்டடி தூரத்தில் குப்புறக் கிடந்திருந்தான். எழுந்து வரப் பார்த்திருக்கிறான். எழுந்தவன் கூப்பிட்டும் இருக்கலாம். அந்த அறைச் சத்தம் வெளியே கேட்காது, வெளிச் சத்தம் உள்ளே கேட்காது. அதற்காகத்தானே அவள் ஒரு மாதம் பாடுபட்டாள்.

வாயோரம் வாந்தி. உடம்பு ஜில்லென்று வேர்த்திருந்தது. மூச்சு இருந்தது, சின்னதாக.

“மாத்தரதான் அத்த, அது வெஷக்காத்தாம்” என்று சோபனா கதற, அவனை டெம்போவின் பின்பக்கத்தில் கிடத்தினார்கள். சென்றாயன் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். தலை சோபனாவின் மடியில், கால் தீர்த்தம்மாளின் மடியில். காற்று முகத்தில் அறைந்ததும் மாதேஸ்வரன் பாதிக் கண்ணைத் திறந்தான்.

“சோபனா... அசதியா இருக்குது. கொஞ்சம் தூங்கறேன்.”

“வேண்டாங்க! என்னப் பாருங்க. தூங்காதீங்க. கண்ண மூடாதீங்க!” அவள் அவன் கன்னத்தில் தட்டினாள், பிறகு அடித்தாள். அறைந்த கை வலித்தது. நாலு மாதமாக இவனுக்குத் தூக்கம் வர வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டவள் அவள்தான்.

“நாந்தான் மூணு போட்டேன்... நாந்தான்...” என்று தீர்த்தம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல அவள் கை மகனின் முழங்காலில் மெல்ல மெல்லத் தட்டத் தொடங்கியது. தொட்டிலில் கிடந்த காலத்தில் அவனை உறங்கவைத்த அதே தட்டு. அவளுக்கே தெரியாமல் கை தானாக அதைச் செய்தது.

மாதேஸ்வரனின் இமை இறங்கியது.

“தட்டாதீங்க அத்த!” என்று அலறி, சோபனா அந்தக் கையை எட்டிப் பிடித்து இறுக்கினாள். “தட்டாதீங்க. அவரு தூங்கிடுவாரு.”