குடும்ப டிக்கெட்

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிட்டில்ஃபோர்டில் அப்படி என்னதான் இருக்கிறது? தேன் நிறக் கல்லில் கட்டிய நாற்பது ஐம்பது வீடு, முழங்கால் நனையாத ஓர் ஆறு, அதில் ரொட்டி தின்று தின்று பறக்கவே மறந்துபோன வாத்துகள். இதற்காகக் காரை நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம் சுற்றுவார்கள். பிறகு ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டு மழையில் நின்று நக்குவார்கள். "அடடா, இங்கேயே இருந்துடலாம் போல இருக்கே" என்பார்கள். ஐம்பத்தெட்டு வருஷமாக இங்கேயே இருக்கிறவள் நான். என்னைக் கேட்டால் சொல்வேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவனைப் போல என் சொந்தத் தம்பியே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையலறையில் வந்து நின்றான். கையில் ஓர் அட்டை. நேர அட்டவணை போட்டு, லாமினேட் வேறு செய்து வைத்திருந்தான்.

"பத்து மணிக்கு பொம்மை ஊரு. பதினொண்ணே காலுக்கு நீராவி ரயில். ஒரு மணிக்கு சாப்பாடு. ரெண்டரைக்குப் பண்ணை. சரியா இருக்குல்ல அக்கா?"

"கிளைவ், நீ பொறந்ததே இந்த ஊர்லதான்டா."

"ஃப்ளோரா பொறக்கலியே."

ஃப்ளோரா அவன் மகள். பதினொரு வயது. அவனும் அவள் அம்மா ஜானினும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் கிளைவ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டோடு வந்துவிட்டான். இப்போது ஜானினுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது. செப்டம்பரில் கிளம்புகிறாள். "என்னோட வர்றியா, அப்பாகிட்ட இருக்கியா, நீயே முடிவு பண்ணு. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போக வருவேன், அப்ப சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். பெரியவர்கள் இரண்டு பேரால் பேசி முடிக்க முடியாததைப் பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியாகிவிட்டது.

கிளைவுக்கு மகள் வேண்டும். உயிரே போகிற அளவுக்கு வேண்டும். மாடியில் என் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையைக் காலி செய்து, மூன்று வாரம் மஞ்சள் வண்ணம் அடித்தான். கட்டில் போட்டான், மேசை போட்டான், ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொல்லி என் பிராணனை வாங்கினான். எல்லாம் முடிந்து, சனிக்கிழமை அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தான்.

"இதக் காட்டினா அவளுக்கு சங்கடமா இருக்கும் அக்கா. தன்ன வற்புறுத்துறோம்னு நெனைப்பா. அவளே யோசிச்சு முடிவு பண்ணட்டும். நீயும் வாயத் தொறக்காத."

"அப்ப எங்கடா படுப்பா?"

"சோபால."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் ஜனம் அப்படித்தான். வேண்டியதை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது எங்களுக்கு நடுத்தெருவில் துணியை அவிழ்ப்பது மாதிரி. அந்தப் பெண் ராத்திரி முழுக்க, கம்பி முதுகில் குத்தும் என் சோபாவில் படுத்துக்கிடந்தாள். காலையில் கேட்டால் "நல்லா தூங்கினேன் அத்தை" என்றாள். அவளும் எங்கள் ரத்தம்தானே.

ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். கடைத்தெருவில் பள்ளிச் சீருடை விற்கும் கடை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால், எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் பச்சைக் கோட்டு ஒன்றை ஒரு பொம்மைக்கு மாட்டி வைத்திருந்தார்கள். ஃப்ளோரா நின்றுவிட்டாள். அந்தப் பள்ளியில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தது அவளுக்கும் தெரியும். கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போனாள். அப்பா ஏதாவது சொல்வார் என்றுதான் நின்றாள். எனக்கே தெரிந்தது.

கிளைவ் சொன்னான். "பாசி புடிச்ச கலரு, இல்ல?"

சிரிக்கவும் சிரித்தான். ஃப்ளோரா கண்ணாடியை விட்டு நகர்ந்தாள். எனக்கு அவன் பிடரியில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வைக்கவில்லை. "மழை வரும்போல இருக்கு" என்றேன்.

பொம்மை ஊர் என்பது எங்கள் பெருமை. எங்கள் ஊரையே ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, கடை, தேவாலயம், வீடு எல்லாம் அதே கல்லில் இடுப்புயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். நிஜ ஊர் பத்தடி தள்ளி இலவசமாகக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு இதைப் பார்க்கிறார்கள். ஊரில் மூடிப்போன தபால் நிலையம் இதில் மட்டும் திறந்திருக்கிறது. எல்லாமே சுத்தமாக, அமைதியாக இருக்கும். மனுஷப் பொம்மை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அமைதி என்று நினைக்கிறேன்.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் டென்சில் இருந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன்.

"வா பெவர்லி. மூணு பேரா? குடும்ப டிக்கெட்டா போட்டுடவா? அதுதான் லாபம்."

கிளைவ் முந்திக்கொண்டான். அவனுக்கு நேர்மை என்றால் வியாதி மாதிரி. "இல்லைங்க. கறாரா சொல்லணும்னா, நாங்க குடும்பம்னு சொல்ல முடியாது. தனித்தனியாவே குடுத்துடுங்க."

டென்சில் மூன்று டிக்கெட்டைத் தனித்தனியாகக் கிழித்தான். ஃப்ளோரா தன்னுடையதை வாங்கி நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். எங்களை விட்டு இரண்டடி முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

சின்னத் தெருக்களில் தேடிக்கொண்டே போனவள் என் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். மண்டியிட்டு மாடி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, இது உங்க மாடி ரூம்தானே? பூட்டிக் கெடக்குதே, அது. உள்ள என்ன இருக்கு?"

நான் கிளைவைப் பார்த்தேன். சொல்லித் தொலையேன்டா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"பழைய சாமான் செல்லம்" என்றான். "அத்தை எதையும் தூக்கிப் போட மாட்டாங்க."

"ஓ" என்றாள் அவள்.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கியில் மேலாளர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு அதை ஓட்டுகிறார்கள். இரண்டு மைல் முன்னால் போகும். பிறகு அதே இரண்டு மைல் பின்னால் வரும். வழி முழுக்க எல்லோரும் வேலியோரத்தில் நிற்கிறவர்களுக்குக் கையாட்ட வேண்டும். கிளைவ் விடாமல் ஆட்டினான். முன்பின் தெரியாத மாட்டுக்குக்கூட ஆட்டினான். எதிரே உட்கார்ந்திருந்த மகளிடம் பேச மட்டும் அவனிடம் ஒன்றும் இல்லை.

ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வேறு நாட்டுக்காரர்களாக இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சூடாக எதையாவது தின்பார்கள். நாங்கள் மலைமேல் காட்சிமுனைக்குப் போய்க் காரை நிறுத்திவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்போம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து எதிரே இருப்பது மலையா மதிலா என்றே தெரியாது. பக்கத்தில் இன்னும் ஆறு கார். ஆறிலும் இதே கூத்து.

நான் ஓட்டும் இடத்தில். பக்கத்தில் கிளைவ். பின்னால் ஃப்ளோரா. பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

"அப்பா, அம்மா அஞ்சு மணிக்கு வந்து கேப்பாங்க."

"ஆமாம்மா."

"நான் என்ன சொல்லட்டும்?"

இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிக் கேட்கும்? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் அது. இவன் உள்ளே போனால் போதும். கிளைவின் காது சிவந்தது. சாண்ட்விச்சைப் பார்த்தான். ஆவி படிந்த கண்ணாடியைப் பார்த்தான்.

"அது முழுக்க முழுக்க உன் இஷ்டம் செல்லம். நீ என்ன சொன்னாலும் எனக்கு சம்மதம். எனக்காக யோசிக்காத. நிஜமாதான் சொல்றேன், எனக்கு ஒண்ணும் இல்ல."

மகளுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்துவிட்டதாக அவன் நினைப்பு. பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்டதெல்லாம் அந்தக் கடைசி மூன்று வார்த்தைதான்.



"அப்ப நான் அம்மாகூடப் போறேன்" என்றாள்.

"நல்லது. ரொம்ப நல்லது. அருமையான நாடு. பனியெல்லாம் இருக்கும்." கிளைவ் டப்பாவைப் பின்னால் நீட்டினான். "இன்னொரு சாண்ட்விச்?"

"வேண்டாம், தேங்க்ஸ்."

"அக்கா, உனக்கு?"

வாங்கித் தின்றேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. அவனைத் திட்டுகிறேனே, நான் என்ன கிழித்தேன்?

அதற்குப் பிறகு பண்ணைக்கும் போனோம். எல்லாம் முடிந்த பிறகு எதற்கு என்று கேட்கிறீர்களா? அட்டையில் இருந்ததே. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சேற்றில் நின்று ஆட்டைத் தடவிக் கொடுத்தோம். ஒட்டகத்தின் தம்பி மாதிரி இருக்கும் ஓர் அல்பாக்கா கிளைவின் முகத்தில் காறித் துப்பியது. அவன் அதனிடம் "மன்னிக்கணும்" என்றான். அந்த மிருகத்துக்காவது மனசில் பட்டதை வெளியே விடத் தெரிந்திருந்தது.

நாலரைக்கு வீடு திரும்பினோம். கிளைவ் கீழே அவள் காலணியில் இருந்த சேற்றைத் துடைக்க உட்கார்ந்தான். ஒரு காலணியைப் பத்து நிமிஷம் துடைத்தான். அவன் முதுகு குலுங்கியது. சத்தமே இல்லை. அழுவதைக்கூட யாருக்கும் தொந்தரவு இல்லாமல்தான் அழுவான்.

அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். கதவைப் பற்றி நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மாடிக்குப் போனேன். பூட்டைத் திறந்தேன். கதவைச் சுவரில் இடிக்கிற அளவுக்கு விரித்து வைத்தேன்.

"ஃப்ளோரா! உன் பல் தேய்க்கிற பிரஷ் குளியலறையில இருக்கு. மறந்துடாத!"

அவள் படியேறி வந்தாள். குளியலறைக்குப் போகும் வழியில் அந்தக் கதவு. நின்றாள். உள்ளே போனாள். மஞ்சள் சுவர், கட்டில், மேசைமேல் புதுப் பென்சில்கள். அலமாரிக் கொக்கியில் அந்தப் பச்சைக் கோட்டு தொங்கியது. கோட்டு வாங்கியது எனக்கே தெரியாது.

சத்தம் கேட்டுக் கிளைவ் ஓடி வந்தான். கையில் ஒற்றைக் காலணி. முகம் வெளுத்துவிட்டது.

"இது யாரு ரூம்பா?"

"இது... இது வந்து... ஊர் பாக்க வர்றவங்களுக்கு வாடகைக்கு விடலாம்னு..."

படுபாவி. அந்த நேரத்திலும் அவனுக்கு வந்தது அதுதான். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் ஃப்ளோரா கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டாள். பிள்ளைகள் துணியைத் தொலைக்காமல் இருக்க எங்கள் பள்ளிகளில் கழுத்துப் பட்டையின் உட்புறம் பெயரைத் தைத்து அனுப்பச் சொல்வார்கள். அவள் பட்டையைப் புரட்டினாள். சிவப்பு நூலில் அவள் பெயர் இருந்தது. தையல் கோணல்மாணலாக இருந்தது. ஊசி பிடிக்கத் தெரியாதவன் தைத்தது.

"ஊர் பாக்க வர்றவங்களுக்கும் என் பேர்தானா?"

கிளைவ் கையிலிருந்த காலணியைச் சட்டையில் துடைத்தான்.

"நான் இருக்கணும்னு நெனைச்சா சொல்ல வேண்டியதுதானேப்பா? ராத்திரி பூரா அந்தக் கம்பிமேல படுத்துக்கிட்டு, உங்களுக்கு நான் வேண்டாம் போலன்னு நெனைச்சிட்டு இருந்தேன். நாம குடும்பமே இல்லன்னு அந்த டிக்கெட்காரர்கிட்ட சொன்னீங்க."

"அது விதிமுறைப்படி..."

"அப்பா. கேளுங்க என்னை."

அவன் காலணியை மார்போடு அணைத்துக்கொண்டான். நாற்பத்தாறு வயது. அத்தனை வருஷமும் அவன் தொண்டையில் அடைத்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

"இருந்துடேன்" என்றான். காற்றுதான் வந்தது.

"கேக்கல."

"இருந்துடு ஃப்ளோரா! போகாத! நீ இல்லாம என்னால முடியல!"

அந்தக் கத்தலில் எதிர் வீட்டுத் திரை விலகியது. கிளைவ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கி "மன்னிக்கணும்" என்றான். ஃப்ளோரா அழுதுகொண்டே சிரித்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். கை நாலு விரற்கடை நீளமாக இருந்தது. "கலரு நல்லாத்தான்பா இருக்கு" என்றாள்.

வாசல் மணி அடித்தது. சரியாக ஐந்து.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நீ போ அக்கா" என்றான் கிளைவ். "நீங்க போங்க அத்தை" என்றாள் அவள். இப்போதுதான் வீரவசனம் பேசினார்கள். அதற்குள் பழையபடி ஆகிவிட்டார்கள்.

நான் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். ஜானின் குடைக்குக் கீழே நின்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவளும் தூங்கியிருக்கவில்லை.

"கெளம்பிட்டாளா பெவர்லி?"

என்ன மழை பார்த்தாயா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்லம்மா. அவ வரல. இங்கதான் இருக்கப் போறா. எங்களுக்கு அவ வேணும்."

குடை மெல்லச் சாய்ந்தது. அவள் தலையெல்லாம் நனைந்தது.

"எனக்கும் வேணும்" என்றாள் ஜானின். "அவகிட்ட நானும் சொல்லல."

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். மாடியைக் காட்டினேன்.

"அப்ப மேல போய் அதையும் சொல்லு" என்றேன்.